‘உன்னை நம்பு’ என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

தமிழ்க் கிறிஸ்தவ மேடைகளில் சில காலமாக ஒரு சொல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ‘தன்னம்பிக்கை’ என்பதே அச்சொல். திருகோணமலையானாலும் சரி, தூத்துக்குடியானாலும் சரி, ரொறன்ரோவானாலும் சரி, போதகர் ஒலிவாங்கியைக் கையிலெடுத்த பத்தாவது நிமிடத்தில் இச்சொல் வந்துவிடுகிறது. ‘உன்னால் முடியும், உன்னை நீ நம்பு, உனக்குள் இருக்கும் ஆற்றலைக் கண்டுகொள், மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற அளவில் முழுப் பிரசங்கமும் அடங்கிவிடுகிறது. கடவுளுக்கு அதில் மேற்பார்வையாளர் வேலை.

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஞாயிறு வாரமலர்களில் தன்னம்பிக்கைத் தொடருக்கு எக்காலத்திலும் இடமுண்டு. பெரும்பாலும் இராசிபலனுக்கு அடுத்த பக்கத்தில் அது அச்சாகும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இந்த வாரத்தை எப்படியாவது கடத்திவிடலாம் என்ற தெம்பை ஒரு பிரதியின் விலைக்கு விற்கின்றன. வாரமலர் அதைச் செய்வதில் எனக்கு வருத்தமில்லை. அதுவே பிரசங்க பீடத்தில் ஏறி நின்று, சிலுவையில் அறையப்பட்டவரின் பெயரால் பேசும்போதுதான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேதாகமத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நீதிமொழிகள் 28ஆம் அதிகாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். தன் உள்ளத்தையே நம்பி நடப்பவனுக்கு அந்நூல் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. அதை நான் இங்கே எழுதினால் பல போதகர்களுக்குக் கோபம் வரும். எல்லோரும் ஓடிப்போனாலும் தான் ஓடப்போவதில்லை என்று மார்தட்டிய பேதுரு, சேவல் கூவுமுன் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே ஆடிப்போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆசியாவில் தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும் பவுல், உயிர் பிழைப்போம் என்ற நினைப்பே அற்றுப்போனதாகச் சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம், தம்மையே நம்பும் பழக்கம் ஒழிந்து, இறந்தோரை எழுப்புகிறவரை நம்பக் கற்றுக்கொள்வதற்காக என்பதே. நம் மேடைகளில் இதே பவுல் ஒரு வெற்றிப் பயிற்சியாளராக உருமாறியிருக்கிறார்.

இச்சரக்கு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. 1952இல் நியூயோர்க் நகரின் நோர்மன் வின்சென்ற் பீல் என்ற போதகர், நேர்மறைச் சிந்தனையின் ஆற்றலைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ‘உன்னை நம்பு’ என்பதே அதன் முதல் அத்தியாயத்தின் தலைப்பு. அவருக்குப் பின் கலிபோர்னியாவில் றொபேட் ஷூலர் வந்தார். சுயமதிப்புதான் புதிய சீர்திருத்தம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளால் ஆன ‘பளிங்குப் பேராலயம்’ அவர் எழுப்பியது. அந்த ஊழியம் 2010ஆம் ஆண்டு கடன் தாங்காமல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. 2012இல் கட்டடத்தை ஓரேஞ்ச் கத்தோலிக்க மறைமாவட்டம் விலைக்கு வாங்கிக்கொண்டது. எல்லாம் கைகூடும் என்று உலகுக்குக் கற்பித்த இடத்தில் கடன் கணக்கு மட்டும் கைகூடவில்லை. அந்தக் கடை மூடப்பட்டபின்பும் அதன் பழைய சரக்கு நம் ஊர்களில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் அது வெறும் அசட்டுத்தனமாக இருந்திருக்கலாம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அது கொடுமை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்து கிண்ணியாவையும் மூதூரையும் மோதியபோது, அள்ளுண்டு போனவர்களுக்குத் தன்னம்பிக்கை போதாமல் இருந்ததா? 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தவர்கள் தங்களைப் போதிய அளவு நம்பவில்லையா? அதே மாதத்தில் பட்டினிக்கு எதிரான ஒரு தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்குவதற்கு 2015ஆம் ஆண்டுவரை காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட மக்கள் வாங்கில் அமர்ந்திருக்கும்போது, வெற்றியும் தோல்வியும் அவரவர் மனத்தில்தான் இருக்கின்றன என்று ஒருவர் பேசினால் அதன் பொருள் என்ன? ‘உன் வீடு போனதற்கும் உன் பிள்ளை போனதற்கும் நீயே பொறுப்பு’ என்பதுதான். சொல்பவருக்கு இது புரியாமல் இருக்கலாம். கேட்பவருக்குப் புரிகிறது. அழிவுக்கு மேல் குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு அவர் வீடு திரும்புகிறார்.

இந்தப் போதகர்களுக்கு நான் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. திருகோணமலை நகரிலிருந்து மூதூருக்குக் கடல் வழியே போகிறவர்கள் கடக்கும் கொட்டியாரக் குடாவில்தான் அது தொடங்குகிறது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பலின் பாய்மரத்தை முறித்துவிட்டது. புதிய மரம் பொருத்துவதற்காகக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. அதன் தலைவர் றொபேட் நொக்ஸ். அதே பெயர் கொண்ட அவருடைய மகனும் உடன் இருந்தார். அவருக்கு அப்போது வயது 19. 1660இல், கண்டியை ஆண்ட இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தலைவரையும் மகனையும் உட்படப் பதினாறு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். மூதூர்ப் பக்கத்தில் ஒரு புளியமரத்தை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று காட்டுவதுண்டு. அவ்விடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

பிடிபட்ட பின்பு நடந்த ஒரு நிகழ்ச்சிதான் நமக்கு முக்கியம். கப்பலில் எஞ்சியிருந்தவர்களுக்குச் செய்தி கொண்டுபோக மகன் அனுப்பப்பட்டார். திரும்பி வருவதாகத் தந்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவர் போனார். கப்பலின் மேல்தளத்தில் கால் வைத்த அக்கணத்தில் அவர் விடுதலை பெற்ற மனிதர். கப்பல் புறப்படுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தம் நாட்டவர். முன்னால் திறந்த கடல். நமது தன்னம்பிக்கைப் போதகர் அருகில் நின்றிருந்தால் என்ன ஆலோசனை சொல்லியிருப்பார் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ‘வாய்ப்பு ஒருமுறைதான் கதவைத் தட்டும், தம்பி!’ அந்த இளைஞர் செய்தியைச் சொல்லிவிட்டுத் தந்தையிடம் திரும்பி வந்து சிறைப்பட்டார். கப்பல் போய்விட்டது.

கைதிகளை ஊர் ஊராகப் பிரித்துவிட்டார்கள். தந்தையும் மகனும் காய்ச்சலில் விழுந்தார்கள். 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தார். உடலை அடக்கம் செய்ய உதவி கேட்டபோது, காட்டுக்குள் இழுத்துச் செல்லும்படி மாடு கட்டும் கயிற்றைக் கொடுத்தார்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார். அவர் அதற்கு இணங்கவில்லை. நோயில் தளர்ந்த உடம்போடு, கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத் தந்தையை மண்ணில் புதைத்தார். இருபது வயது. நாடு இல்லை, தந்தை இல்லை, மீட்க வருவார் யாருமில்லை. ‘உனக்குள் இருக்கும் ஆற்றலைப் பார்’ என்றால், எலும்புக்குள் இருந்த குளிர்காய்ச்சல் ஒன்றுதான் அங்கே இருந்தது.

அப்போது அவரிடம் இருந்தவை இரண்டு பக்தி நூல்கள். திரும்பத் திரும்பப் படித்து அவை மனப்பாடமாகிவிட்டன. ஒருநாள் அவர் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு முதியவர் ஏதோ ஒரு புத்தகத்தை விற்க வந்திருப்பதாக அவரிடம் ஏவல் செய்த சிறுவன் ஓடிவந்து சொன்னான். போர்த்துக்கேயர் கொழும்பைப் பறிகொடுத்த காலத்தில் அந்த முதியவர் கையில் அகப்பட்ட புத்தகம் அது. வாங்கித் திறந்தால் ஆங்கில வேதாகமம்! கையில் இருந்த ஒரே பொற்காசையும் கொடுத்துவிட நொக்ஸ் துணிந்தார். சிறுவன் தடுத்துவிட்டான், கடைசியில் நொக்ஸ் தம் கையால் பின்னிய ஒரு தொப்பிக்கு அது கைமாறியது. (பேரம் பேசத் தெரிந்த அந்தச் சிறுவனை எனக்கு மிகவும் பிடிக்கும். பக்தி மேலிட்ட நேரத்தில் பக்கத்தில் இப்படி ஓர் ஆள் இருப்பது நல்லது.)

திறந்தவுடன் கண்ணில் பட்ட இடம், அப்போஸ்தலர் பணியில் பிலிப்பி நகரத்துச் சிறைக்காவலன் வரும் பகுதி. நிலநடுக்கத்தில் சிறைக்கதவுகள் திறந்துகொள்கின்றன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்து அவன் தன் வாளை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறான். தான் ஈடேற என்ன செய்யவேண்டும் என்று அந்த நிலையில் அவன் கேட்கிறான். அவனுக்கு வந்த விடை கிறிஸ்துவை நம்பும்படி. ‘உன்னை நம்பு’ என்று பவுல் அவனுக்குச் சொல்லியிருந்தால், ஒரு நொடிக்கு முன்பு வாளை உருவிய அந்தக் கையைத்தானே அவன் நம்பவேண்டியிருந்திருக்கும்?

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும் என்பதை அறிவேன். கடவுளை நம்பு என்றால் கையைக் கட்டிக்கொண்டு இரு என்றாகிவிடாதா, வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறாரே என்பார்கள். பாடியிருக்கிறார். அவர் பாடியது முயற்சியை. தன்னம்பிக்கை என்ற சொல் குறளில் எங்கும் இல்லை. முயற்சி வேறு, தன்னையே நம்பி நிற்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதுதான் இக்காலத்துச் சாதனை.

நொக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவரல்லர். தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடனாகக் கொடுத்து ஐம்பது வீதம் கூட்டி வாங்கினார். அது அந்நாட்டு வழக்கம் என்றாலும் அதை நான் மெச்சப்போவதில்லை. பிறகு பொருள்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்கும் வணிகரானார். அதில் கிடைத்த இலாபம் வடக்கே போகும் வழிகள். தோழர் ஸ்டீபன் றட்லண்ட்டுடன் பலமுறை புறப்பட்டார். காய்ச்சலும் வறட்சியும் காவலும் பலமுறை திருப்பி அனுப்பின. 1679 செப்டெம்பரில் கடைசியாகப் புறப்பட்டு, அனுராதபுரத்தில் உலர்ந்த மான் இறைச்சி வாங்க வந்தவர்கள் போல நடித்து, மல்வத்து ஓயாவின் கரையோரம் காடு வழியே இறங்கி, ஒக்டோபர் 18 அன்று மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தனை திட்டமிட்ட மனிதர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் தம் திறமையைப் பாடவில்லை. தப்பிய ஒவ்வொரு வளைவிலும் கடவுளின் கையையே காட்டுகிறார். கதை எழுதுவோர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். 1719இல் டானியல் டீஃபோ எழுதிய ‘ராபின்சன் குரூசோ’வுக்கு நொக்ஸின் நூலும் ஒரு தூண்டுதல் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். குரூசோவும் தீவில் வேதாகமம் படித்து மண்டியிடுகிறவன்தான். ஆனால் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்கள் அந்த மண்டியிடலை வெட்டி எறிந்துவிட்டு, தனி ஒருவனாக உலகைப் படைத்துக்கொண்ட வீரனாக மட்டும் அவனை நமக்குக் காட்டின. நம் மேடைகளில் வேதாகமத்துக்கும் இதே கத்தரிக்கோல்தான் பயன்படுகிறது.

நொக்ஸை நான் புனிதராக்கிவிட்டேன் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். நாடு திரும்பியவர் கிழக்கிந்தியக் கம்பனியில் கப்பல் தலைவரானார். 1680களில் அவருடைய கப்பல் அடிமைகளை வாங்குவதற்காக மடகஸ்காருக்குப் போனது. இருபது ஆண்டு சிறையிருப்பு என்றால் என்னவென்று தெரிந்த மனிதர் செய்த வேலை இது! எளியவனாய் இருந்தபோது கடவுளை நம்பியவர், கையில் கப்பலும் அதன் பின்னால் கம்பனியும் வந்தவுடன் எதை நம்பினார் என்று கேட்காமல் இருக்க முடியாது. தன்னம்பிக்கை தோல்வியுற்றவனை வதைக்கிறது. வென்றவனை அதைவிட மோசமாகக் கெடுக்கிறது.

கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே தம் பலத்தை மட்டும் நம்பியவர்களுக்கும் திருகோணமலையில் சாட்சி உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். சிலுவைக் கொடியின் கீழ்தான் அதைச் செய்தார்கள். அந்தக் கற்கள் அவர்களை நெடுங்காலம் காக்கவில்லை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பின்பு ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மறுபடி ஒல்லாந்தர், 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர். கோட்டைக்கு இன்று இருக்கும் பெயர் ஓர் ஆங்கில இளவரசனுடையது. கோணமலையின் உச்சியில் மீண்டும் மணி ஒலிக்கிறது. கிறிஸ்தவர்களாகிய நாம் அந்தக் கோட்டை வாசலைக் கடக்கும்போதெல்லாம் வெட்கப்பட வேண்டும். கல்லை நம்பிவிட்டுக் கர்த்தரை நம்பியதாகக் கணக்கெழுதிய கூட்டத்தின் பெயரைத்தான் நாமும் சுமக்கிறோம்.

‘சரி, கடவுளை நம்பினால் எல்லாம் நன்றாக முடியுமா?’ என்பது அடுத்த கேள்வி. முடியும் என்று சொல்கிறவர்கள் தன்னம்பிக்கைக்காரர்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ‘விசுவாசி, கிடைக்கும்’ என்ற அவர்களுடைய வாணிபத்தில் ‘உன்னை’ என்ற இடத்தில் ‘கடவுளை’ என்று மாற்றியதைத் தவிர வேறொன்றும் இல்லை. பணம் போட்டால் பண்டம் விழும் பெட்டியாகக் கடவுள் மாறிவிடுகிறார். பண்டம் விழாவிட்டால் போட்ட காசு போதாது என்கிறார்கள்.

அவர்கள் யூஜின் ஹேபியர் அடிகளாரின் வாழ்வைப் பார்க்கட்டும். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி அவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் ஆசிரியராகவும் கூடைப்பந்துப் பயிற்றுநராகவும் இருந்தார். அவரிடம் பந்து பிடிக்கப் பழகியவர்கள் இன்று உலகின் பல திசைகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். பின்னர் மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார்.

1990ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் கிழக்கு மாகாணம் எப்படி இருந்தது என்பதை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பகை, தெருவில் பிணம். வாழைச்சேனையில் கன்னியர்கள் உட்படப் பலர் வெளியேற வழியின்றி அகப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கு உதவ ஹேபியர் அடிகளார் போனார். அப்போது அவருக்கு வயது 66. ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி, துணைக்கு ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. அவர்கள் உடல்களும் கிடைக்கவில்லை.

தன்னம்பிக்கைக் கணக்கின்படி அந்தப் பயணம் ஒரு தவறான முடிவு. அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர் அவர். விரும்பியிருந்தால் நாட்டைவிட்டே போயிருக்கலாம். கப்பலின் மேல்தளத்தில் நின்ற நொக்ஸைப் போல அவருக்கும் திறந்த கடல் இருந்தது. ‘விசுவாசி, கிடைக்கும்’ கணக்கின்படியும் விடை வரவில்லை. விசுவாசித்தவருக்குக் கல்லறை கூடக் கிடைக்கவில்லையே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘வெற்றி வாழ்வுக்கு ஏழு படிகள்’ என்று பேச ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் போதகர்கள் ஒரு வேலை செய்யட்டும். ஹேபியர் அடிகளார் எந்தப் படியில் தவறி விழுந்தார் என்பதை, திருகோணமலையில் அவரிடம் படித்தவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லட்டும். கேட்க நானும் வருகிறேன்.